மாடி அக்காவின் வலது கால்

என் இடுப்பில் காலை வைத்து மிதித்த ஒரே ஆள் எங்கள் மாடி அக்காதான். மிதித்து முடித்ததும் குனிந்து என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட ஒரே ஆளும் அவர்தான்.

அப்போது நாங்கள் அண்ணனூரில் குடியிருந்தோம். மூன்று மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. கீழ் வீட்டில் நான் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா இரண்டாவது மாடி. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் மட்டும்தான் அதைச் சொல்லிக் கூப்பிடுவார். மற்ற எல்லோருக்கும் மாடி அக்கா. அவருக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தவர்களும் அவரை மாடி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் கீழே விழுந்த கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்தேன். குனிந்தது குனிந்ததுதான். மெஷினைப் பிடித்துக்கொண்டு கொக்கி மாதிரி நின்ற என்னைத் தண்ணீர் கேன் போட வந்தவர் பார்த்துவிட்டு, படிக்கட்டில் நின்று மாடிக்குக் குரல் விட்டார். அக்கா இறங்கி வந்தார். என்ன ஆச்சு ஏது ஆச்சு என்று கேட்கவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய் வலது காலைக் கழுவிக்கொண்டு வந்தார். என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பாதம் முதுகிலிருந்து இடுப்புவரை மூன்று தடவை வழுக்கிக்கொண்டு இறங்கியது. மிதி என்பது பேருக்குத்தான். பூனை குறுக்கே போன மாதிரி இருந்தது.

அக்கா காலால் பிறந்தவர். தலை வரவேண்டிய இடத்தில் கால் முதலில் வந்த பிள்ளை. அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கும் பிடிப்பும் விட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. அவருக்குப் பிறந்த வீடு செம்பரம்பாக்கத்துப் பக்கம். ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். அந்த நிலத்தில் இப்போது யாருடைய குடோனோ நிற்கிறது. "எங்கம்மா வவுத்துல இருக்கச் சொல்லவே எனக்கு உக்காந்திருக்கப் புடிக்கல. அதான் காலை நீட்டிகினு வந்துட்டேன்" என்பார்.

அந்த அவசரம் அவரை விட்டுப் போகவே இல்லை. அக்காவைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்வேன்: அவருக்கு உட்காரத் தெரியாது.

நின்றுகொண்டே சாப்பிடுவார். சீரியலை வாசற்படி நிலையில் சாய்ந்துகொண்டு பார்ப்பார்; கேட்டால், விளம்பரம் வந்ததும் போகலாம் என்று நிற்கிறேன் என்பார். அண்ணனூரில் ரயில் ஏறினால் பெட்டி காலியாகக் கிடக்கும். அவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சென்ட்ரல் வரை நின்று வருவார். பொங்கலுக்குக் கட்டடத்தில் பெண்களுக்கு மியூசிக்கல் சேர் வைப்பார்கள். நாற்காலியையே அண்டாத இந்த மனுஷிதான் வருஷா வருஷம் ஜெயிப்பார். பாட்டு நின்ற நொடியில் கடைசி நாற்காலியில் டப்பென்று உட்காருவார், நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் எழுந்திருப்பார். அவர் கணவரை நாங்கள் அண்ணன் என்போம்; ரயில் ஷெட்டில் வேலை பார்த்தவர், அதிகம் பேசாதவர். அவர்கூட ஒருமுறை, "எங்க ஊட்ல சோபா வாங்கி நாலு வருசம் ஆவுது. அது இன்னும் அவளைப் பாக்கல" என்றார்.

ஆனால் அடுத்தவர் விஷயத்தில் அக்கா கறார். மிதித்து முடித்ததும் உத்தரவு வரும்: இன்றைக்கு மெஷின் பக்கம் போகாதே, பாரம் தூக்காதே, ஒரே இடத்தில் குந்தியும் கிடக்காதே, கொஞ்சம் உட்கார், கொஞ்சம் நட. இன்னொரு சட்டமும் உண்டு. வீங்கின இடத்தில் அவர் கால் வைக்க மாட்டார். மூன்றாவது மாடிக்காரர் பைக்கோடு விழுந்து புசுபுசுவென்று வீங்கிய முட்டியோடு வந்து படுத்தபோது, மரியாதையாக எழுந்துபோய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிட்டார்.

நான் ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், நிஜமாகவே உன் காலில் ஏதாவது இருக்கிறதா அக்கா என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை.

"போற வலி தானா போவப் போவுதுடி. நடுவுல என் காலு பேர் வாங்கிக்குது. அத்தோட இன்னொண்ணு. மாடியிலேர்ந்து ஒருத்தி எறங்கி வந்து உனக்காக நிக்கறா இல்ல? அதுலயே பாதி வுட்டுப்பூடும்."

இப்போது நான் சென்னீர்குப்பத்தில் இருக்கிறேன். குனிந்தே வேலை பார்ப்பதால் இடுப்பு வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பிடித்துக்கொள்கிறது. போன் பண்ணி முறையிட்டால், "போன்ல எப்படிடி காலை வெக்கறது, ஸ்பீக்கர்ல போடட்டா" என்று சிரிக்கிறார். சிரித்துச் சிரித்தே எனக்குக் கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

நான் சொல்ல வந்தது, அண்ணனூரில் இருந்தபோது அக்காவின் காலுக்கே சுளுக்கு வந்த கதை. அந்தக் கால் என்றால் வைத்தியக் கால் இல்லை. அது வலது. சுளுக்கியது இடது.

அக்காவின் ஒரே மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு, அன்றைக்கே பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துவந்துவிட வேண்டும், தலைப்பிரசவம் தன் கையில்தான் என்று அக்கா குதித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் என் வாசலில் நின்று குழந்தைக்குத் தைக்கவேண்டிய துணித் தொட்டிலைப் பற்றிப் பேசினார். பேச்சு முடிந்து வெளிப்படியில் இறங்கும்போது இன்னொன்று ஞாபகம் வந்து திரும்பினார். வாய் என் பக்கம், கால் தெருப் பக்கம். இடது பாதம் உள்பக்கமாக மடங்கியது. சத்தம் போடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, "தொட்டிலுக்கு வெள்ளைத் துணி வாணாம், அழுக்காயிடும்" என்று ஆரம்பித்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் முகத்தைச் சுளித்தார்.

ஊருக்கெல்லாம் உட்காரச் சொன்னவர் தன் காலுக்கு என்ன செய்தார்? நடந்தால் சரியாகிவிடும் என்று இரண்டு மாடி ஏறிப்போனார். வெந்நீரில் காலை வைத்தார். தைலம் போட்டுச் சூடு பறக்கத் தேய்த்தார். சாயங்காலம் கட்டடமே மேலே திரண்டது. அவரிடம் மிதிபட்டவர்கள் எல்லோருக்கும் கைம்மாறு செய்ய இதைவிட நல்ல நாள் வருமா? ஒருத்தி புளியையும் உப்பையும் கரைத்துக் கொதிக்கவைத்துப் பற்றுப் போட்டாள். ஒருத்தி நொச்சி இலையைச் சுற்றினாள். கேன் போடுகிறவர் எங்கிருந்தோ நல்லெண்ணெய் கொண்டுவந்தார். அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது காலா, வத்தக்குழம்பா?" என்றார். மறுநாள் கணுக்கால் கத்தரிக்காய் நிறத்தில் உப்பிப்போய், தரையில் ஊன்ற முடியவில்லை.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முறிவு இல்லை என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பினார். ஆட்டோவில் நானும் கூடப் போனேன். அங்கே இருந்தது சின்னப் பெண். அக்காவின் மகளைவிட வயது குறைவாக இருக்கும். கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கிற நார் இழுபட்டுவிட்டது, துணியைத் தையல் ஓரத்தில் இழுத்தால் இழை விடுமே அந்த மாதிரி என்று அவள் சொன்னபோது எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முதல் சில நாளில் சூடும் தேய்ப்பும் வீக்கத்தை ஏற்றிவிடுமாம். துணியில் ஐஸைச் சுற்றி விட்டுவிட்டு வைக்க வேண்டும், கட்டுப் போட வேண்டும், காலை உயரத்தில் தூக்கி வைத்து உட்கார வேண்டும். வலி குறைந்ததும் மெல்ல அசைக்க வேண்டும்.

அக்கா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "உக்காராம இதெல்லாம் செய்ய முடியாதாம்மா?"

ஐஸ் வைத்தார், கட்டும் போட்டார். காலைத் தூக்கி வைக்கிறதுதான் நடக்கவில்லை. வருகிறவர்களுக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு உட்காருவது எப்படி, அது மரியாதையா என்று சாக்கு. நான் மேலே ஏறும் சத்தம் கேட்டாலே காலை இறக்கிவிடுவார். வீக்கம் வற்றி வலியும் கொஞ்சம் விட்டதும், அன்றைக்கே வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் பார்க்கப் பூந்தமல்லிக்குக் கிளம்பிவிட்டார். ஷேர் ஆட்டோ முழுசாக நிற்பதற்குள் இறங்கினார். அதே கால். அதே பக்கம்.

வளையல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் தோளில் சாய்ந்து வந்து இறங்கியபோதும் அவர் அழவில்லை. அழுதது மறுநாள். மாப்பிள்ளை போன் பண்ணியிருந்தார். நல்ல பிள்ளை, தயங்கித் தயங்கித்தான் சொன்னாராம். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, அத்தைக்கே கால் ஊன்ற முடியவில்லை. பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியில் தடுக்கினால் என்ன செய்வது என்று அவர் அம்மா கேட்கிறார்களாம். வளைகாப்பன்று அத்தையை நேரில் பார்த்துவிட்டு, பெண்ணை அனுப்புவதா, இங்கேயே பிரசவம் பார்த்துக்கொள்வதா என்று முடிவு செய்யலாம் என்கிறார்களாம்.

"அந்தம்மா கேக்கறது நியாயந்தானடி" என்றார் அக்கா. "நானா இருந்தாலும் அதத்தான் கேப்பேன். அதான் ஆத்தமாட்டாம கீது."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். சோபாவில் உட்கார்ந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் தலையணை வைத்து, இடது காலைத் தூக்கி வைத்தார். நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கட்டடத்துக்கே செய்தி போயிற்று. மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் எழுத்து வேலை தொடங்கியது. கால் கட்டைவிரலைப் பேனாவாக வைத்துக்கொண்டு காற்றில் எழுத்து எழுத வேண்டும் என்று பிசியோ பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள். கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்புவதற்கு அது பயிற்சி. அவள் காட்டியது ஏ, பி, சி. அக்கா ஒரே நாளில் அதை ஒதுக்கிவிட்டு அ, ஆவுக்கு மாறினார். சும்மா சொல்லக்கூடாது, கணுக்காலுக்கென்றே செய்த எழுத்து நம்முடையது. இ போட்டால் ஒரு முழுச் சுற்று. ஞ போட்டால் கால் கெஞ்சும். ட, ப எல்லாம் நோயாளிகளுக்கு என்று தள்ளிவைத்துவிட்டார். எழுத்து முடிந்து சொல்லுக்கு வந்தார். சீரியல் வில்லியைக் காலாலேயே திட்டி எழுதினார். எதிரில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிப்பது அண்ணனின் வேலை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஒருநாள் நான் போனபோது கால் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தது. அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இன்னாமே இது, என் பேரா?"

"பேரு முடிஞ்சிச்சி. இப்ப காபி போடுன்னு எழுதிகினு கீறேன்."

பிறகு ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி வந்தது. நார் இழுபட்ட காலுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே சரியாகத் தெரியாதாம். தடுமாறினால் சட்டென்று பிடித்துக்கொள்ள அதைப் பழக்க வேண்டுமாம். அக்கா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இடது காலில் மட்டும் நிற்பார். முதலில் கால் வெடவெடவென்று ஆடும். நாளாக ஆக மேடையில் இருந்த கை ஒரு விரலுக்கு வந்தது. பிசியோ பெண் படி ஏறவிட்டுப் பார்த்து, இனி நடமாடலாம், ஆனால் ரொம்ப நேரம் நிற்கக்கூடாது, அசந்தால் காலை மேலே வைத்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

வளைகாப்பு குவார்ட்டர்ஸ் ஹாலில் நடந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அக்கா என் காதில், நொண்டுகிறேனா பார்த்துச் சொல் என்றார். இல்லை என்றேன். உண்மையிலும் இல்லை. சம்பந்தியம்மா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். முகம் நிறையச் சிரிப்பு. கண் மட்டும் ஒருமுறை கீழே கணுக்காலுக்குப் போய்விட்டு மேலே வந்தது. அன்பாகத்தான் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் முடியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று அக்கா நின்றுகொண்டே இருந்தார். மகளுக்குச் சந்தனம் பூசி வளையல் போடும்வரை நின்றார். அண்ணன் தூரத்திலிருந்து நாற்காலியைக் கண்ணால் காட்டிக்கொண்டே இருந்தார்.

வந்தவர்கள் வளையல் போட்டு முடித்ததும் கலந்த சாதம் பரிமாற வேண்டும். சம்பந்தியம்மா, ஆள் வருவதற்குள் புளியோதரை அண்டாவைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்று குனிந்தார். "ஐயோ" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அண்டா நகரவில்லை, அவரும் நிமிரவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த கொக்கி அது.

இரண்டு பேர் தாங்கி ஜமக்காளத்தில் படுக்கவைத்தார்கள். ஒருத்தர் வெந்நீர்ப் பை தேடினார், ஒருத்தர் டாக்டர் நம்பர் தேடினார். நான் வாயைத் திறந்துவிட்டேன். எங்கள் மாடி அக்கா காலால் பிறந்தவர், மூன்று தடவை நீவினால் போதும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

"இன்னாடி பேச்சு பேசற? பொண்ணக் குட்த்தவ நான். சம்பந்திய காலால மிதிச்சிட்டு பொண்ண அனுப்புங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சிகினு கேப்பேன்?"

அது மட்டும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வலது காலால் நீவ வேண்டும் என்றால் இடது காலில் நிற்க வேண்டும். அந்த ஹாலில் அத்தனை பேர் முன்னால், அந்த ஒற்றைக் காலில். ஆடினால், பெண் அங்கேயே நின்றுவிடும்.

ஜமக்காளத்திலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. "சம்பந்தி, அங்க என்னத்த ரகசியம் பேசுதீக? வந்து மிதிங்க. எனக்கு நிமிரணும், அம்புட்டுதான்."

அக்கா போனார். வழக்கம்போல முதலில் வலது காலைக் கழுவினார். அண்ணன் கையை நீட்டினார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வலது காலை எடுத்தார்.

எல்லோரும் மேலே வந்த காலைப் பார்த்தார்கள். நானும் அண்ணனும் கீழே இருந்த காலைப் பார்த்தோம். மகளும் அதைத்தான் பார்த்தாள்; அவள் கை நிறைய வளையல், ஒன்றுகூட அசையவில்லை. முதல் நீவலில் இடது கணுக்கால் லேசாக ஆடியது. விரல்கள் தரையைப் பிடித்துக்கொண்டன. இரண்டாவது. கால் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. மூன்றாவது நீவல் அவசரமே இல்லாமல் மெதுவாகப் போயிற்று. சமையல் மேடையில் நிற்கிற மாதிரி நின்றார்.

காலை இறக்கி, குனிந்து, சம்பந்தியம்மாவின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உடனே எழாதீர்கள், ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுங்கள் என்றார். சம்பந்தியம்மா அப்படியே ஒருக்களித்து, கையை ஊன்றி, முனகிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். பிறகு நின்றார். முழுசாக நிமிரவில்லை, முக்கால்வாசி நிமிர்ந்தார். அது காலால் வந்ததோ, படுத்து எழுந்ததால் வந்ததோ, எனக்குத் தெரியாது. ஹாலில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

சம்பந்தியம்மா மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, துணிமணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா? சோறு உண்டுட்டு உங்கம்மா கூடக் கிளம்பு. ஒத்தக்கால்ல இப்படி நிக்கிற மனுஷி ரெண்டு கால்ல மாடி ஏற மாட்டாகளா?"

மகளின் வளையல்கள் அப்போதுதான் சத்தம் போட்டன.

அக்கா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை, பாட்டும் நிற்கவில்லை, அவராகவே உட்கார்ந்தார். இடது கணுக்கால் கொஞ்சம் உப்பியிருந்தது. சம்பந்தியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டே இன்னொரு நாற்காலியை அவர் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா பதறிப்போய்க் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். உங்களுக்கு நேராக எப்படிக் காலை நீட்டுவேன், அது மரியாதையா என்றார்.

"நல்லாருக்கே" என்றார் சம்பந்தியம்மா. "இடுப்புலயே மிதிச்சாச்சு. இனிம என்ன சம்பந்தி மரியாதை? காலைத் தூக்கி வைங்க."

அக்கா காலைத் தூக்கி வைத்தார். பந்தி முடியும்வரை இறக்கவே இல்லை.